ஒரு தாய் பெற்ற மலைகள்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கரத்தை ரோட்டுக்கு மேலே ஒரு மலை, கீழே ஒரு மலை. மேலே இருப்பது வீ.பி. தேயிலை, வெட்டுத்துண்டில் வளர்த்தது. மட்டக்கம்பு வைத்து ஒரே ஆள் ஒரே மூச்சில் சீவிவிட்டதுபோல் ஒரே மட்டம், ஒரே பச்சை. சுற்றுலாப் பயணிகள் வேனை நிறுத்திப் படம் எடுப்பது அந்தப் பக்கத்தைத்தான். கீழே விதைத் தேயிலை. ஒரு செடியின் இலை உள்ளங்கை அகலம். அதை ஒட்டி நிற்பதன் இலை சுண்டுவிரல் நீளம்கூட வராது. ஒன்றின் பச்சை கறுத்துக் கிடக்கும், அடுத்தது மஞ்சள் பாய்ந்திருக்கும், மூன்றாவதின் கொழுந்து செம்பு நிறத்தில் எட்டிப்பார்க்கும். இந்தப் பக்கம் யாரும் வேனை நிறுத்துவதில்லை.

பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கீழ் மலையில் கொழுந்து எடுத்தவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. அண்மையில் என்னைக் கூட்டிப்போய் நிரை நிரையாகக் காட்டினார். "இது முந்திரிக்கொட்டை தம்பி. மத்ததெல்லாம் தூங்கிக்கிட்டு இருக்கறப்பவே இது கொழுந்து விட்டுரும். அந்தா நிக்குது பாரு, அது கல்லுளிமங்கன். வெயில் காலத்துல சுத்திவரக் காஞ்சாலும் அசையாது." இப்படிப் பத்துப் பன்னிரண்டு செடிகளுக்குப் பெயர் சொன்னார். ஒன்றுக்கு அவருடைய நாத்தனார் பெயர். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிரப் பதில் வரவில்லை. கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் ஏறாத பெயர்ப்பட்டியல் அது.

அந்த மலையைத்தான் இப்போது பிடுங்குகிறார்கள். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. வேரோடு பெயர்த்த கட்டைகள் சவுக்கு மரங்களுக்கு அடியில் குவிந்து கிடக்கின்றன. இனி ஒன்றரை, இரண்டு வருடம் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றுவார்கள். பிறகு தவறணை என்கிற நாற்றுமேடையிலிருந்து வீ.பி. கன்றுகள் வரும். நிர்வாகத்தின் கணக்கில் இதில் பிழை எதுவும் இல்லை. விதைத் தேயிலையை விட வீ.பி. கூடுதலாகக் கொழுந்து தரும், ஒரே சுற்றில் தரும். நூறு வயதைத் தாண்டிய மலையை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று துரை கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

பிடுங்குவதை நான் எதிர்க்கவில்லை. பிடுங்குமுன் அங்கே என்ன நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்கிறேன். பார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு பஸ் தூரத்தில், தலவாக்கலையிலேயே இருக்கிறார்கள்.

நம்முடைய விதைத் தேயிலைக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. 1824இல் சீனாவிலிருந்து வந்த செடிகளைப் பேராதனைப் பூங்காவில் நட்டார்கள். 1839இல் கல்கத்தா வழியாக அஸ்ஸாம் விதை வந்தது. 1841இல் தோட்ட முதலாளிகளான வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனச் செடியை வைத்துப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட 1867தான் பாடப்புத்தகத்தில் நிலைத்த ஆண்டு. பிறகு கோப்பி செத்து, மலைநாடு முழுக்கத் தேயிலை ஏறியபோது, அஸ்ஸாம் ரகமும் சீன ரகமும் இரண்டும் கலந்ததுமாக விதை வந்து இறங்கியது.

தேயிலைப் பூ தன் சொந்தச் செடியின் மகரந்தத்தை ஏற்பது அபூர்வம். பூச்சி கொண்டுவந்து சேர்க்கும் அடுத்த செடியின் தூள்தான் அதற்கு வேண்டும். அதனால் ஒவ்வொரு விதையும் இரண்டு வெவ்வேறு செடிகளின் பிள்ளை. ஒரே காய்க்குள் இருக்கும் விதைகள்கூட ஒன்றுபோல் ஒன்று இராது. கீழ் மலையின் அந்தத் தாறுமாறான பச்சைக்கு இதுதான் காரணம். நாம் ஒரு மலை என்று எண்ணிக்கொண்டிருப்பது ஆயிரக்கணக்கான தனி ஆட்கள் கூடி நிற்கும் கூட்டம்.

மேல் மலையின் கதை வேறு. 1925இல் தொடங்கிச் சில வருடங்களில் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்துக்குக் குடிவந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் (ரி.ஆர்.ஐ.), 1930களில் வெட்டுத்துண்டிலிருந்து கன்று எடுக்கும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல செடி ஒன்றைப் பிடித்து, ஒரு இலையும் ஒரு கணுவுமாக நறுக்கி, நிழலில் ஊன்றி ஒரு வருடம் வளர்த்தால் ஆயிரம் கன்றுக்கும் ஒரே உடம்பு. வீ.பி. என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்லும் இரண்டெழுத்து அதுதான். சென்கூம்ஸில் அஸ்ஸாம் வழி வந்த ஒரு மரம் இருந்தது. அதற்கு ஏ.எஸ்.எம். 4/10 என்று இலக்கம். அதன் விதையில் முளைத்த பிள்ளைகளில் தேறியவற்றைப் பொறுக்கியெடுத்துத்தான் ரி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்று 2000 வரிசை எழுந்தது. தாய் ஒன்று, தகப்பன் யார் என்பது அன்றைக்குப் பூவுக்கு வந்த பூச்சிக்கே வெளிச்சம்.

இந்தப் பிள்ளைகள் நன்றாக விளைந்தன, நாடெங்கும் பரவின. பின்னால் வந்த கலப்புகள் பலவற்றிலும் இதே 2000 வரிசைதான் தாயாகவோ தகப்பனாகவோ நின்றது. ரி.ஆர்.ஐ. 2025 கடல் தாண்டி நீலகிரித் தோட்டங்களுக்கும் அதே இலக்கத்தோடு போய்விட்டது. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனவர்களின் பேத்திகள் இன்றைக்கு அங்கே அதே உடம்பிலிருந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கலாம். செடியிடம் யாரும் பாஸ்போட் கேட்கவில்லை என்பது வேறு விடயம்.

ஆக, 2023, 2025, 2026 என்று மலைக்கு மலை வேறு வேறு இலக்கத்தைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு, பல வகை நட்டிருக்கிறோம் என்று திருப்திப்படுகிறோம். இலக்கம்தான் பல. தாய் வயிறு ஒன்று.

இந்த உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இலையின் அகலத்தையும் நிறத்தையும் வைத்து உறவு சொல்ல முடியாது. நிழலும் உரமும் கவ்வாத்தும் அவற்றை மாற்றிவிடும். மரபணு மாறாது. இரண்டு இலையும் ஒரு குருத்தும் எடுத்து, ஈரம் போகக் காயவைத்து, அரைத்து, உயிரணுவுக்குள் இருக்கும் மரபுப்பொருளைப் பிரிக்கிறார்கள். தேயிலையில் இந்த வேலை லேசில் நடக்காது. சாயத்துக்கு நிறமும் துவர்ப்பும் தருகிற அதே பொருட்கள் மரபுப்பொருளோடு ஒட்டிக்கொண்டு அதைப் பழுப்பாக்கிவிடும். நல்ல சாயம் கொடுக்கிற செடி ஆய்வுகூடத்தில் நிறையத் தொல்லை கொடுக்கும்.

பிரித்த பிறகு அதில் குறிப்பிட்ட சில இடங்களைத் தேடுகிறார்கள். அந்த இடங்களில் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். தப்படிப்பவர் ஒரே அடியை விடாமல் அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு செடியில் அந்த அடி 12 தடவை, இன்னொன்றில் 15, வேறொன்றில் 19. ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்ணிக்கை உண்டு. ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. தாய்க்கு 12, 19 என்றால் பிள்ளைக்கு அந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு இடம் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். இருபது, முப்பது இடங்களில் பொருந்தினால் அது உறவு. தாயைக் கழித்துவிட்டால் மீதி எண்ணிக்கை தகப்பனுடையது. அந்தப் பூச்சியின் இரகசியமும் வெளியே வந்துவிடும். இந்த இடங்களுக்கு மைக்ரோசாட்டலைட் என்று பெயர். மரபணுக் குறி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இது ஒரு வகை.

இந்த அளவுகோலைத் தேயிலைக்கு வைத்தபோது வந்த பெரிய செய்தி ஒன்று உண்டு. மீகஹகும்புர என்ற இலங்கை ஆய்வாளரை முதல் ஆசிரியராகக் கொண்டு 2016இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சீனாவிலும் இந்தியாவிலும் எடுத்த 392 மாதிரிகள், 23 குறிகள். சீனத் தேயிலை, சீனாவின் யுன்னான் பக்கத்து அஸ்ஸாம் ரகம், இந்தியாவின் அஸ்ஸாம் ரகம் மூன்றும் தனித்தனியாக மனிதர் கைக்கு வந்தவை என்பதற்கான அடையாளங்கள் அதில் தெரிந்தன. சீனாவிலிருந்து ஒரே தேயிலை உலகெங்கும் பரவியது என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சிதான்.

பன்றியின் கதையும் ஏறத்தாழ இதேதான். லயத்துக்குப் பின்னால் கூட்டில் அடைத்து வளர்க்கிற வெள்ளைப் பன்றியும், இரவில் வந்து உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிண்டிப்போடுகிற காட்டுப்பன்றியும் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டால் நாம் தோலைப் பார்த்துப் பதில் சொல்வோம். மரபணுவைப் பார்த்தவர்கள் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார்கள்: ஐரோப்பாவின் வீட்டுப்பன்றியும் ஆசியாவின் வீட்டுப்பன்றியும் வெவ்வேறு காட்டுப்பன்றிகளிலிருந்து தனித்தனியாகப் பழக்கப்பட்டவை. பின்னால் 2005இல் வந்த ஆய்வு அப்படிப் பழக்கப்பட்ட இடங்கள் இன்னும் பல என்று காட்டியது. இதில் வேடிக்கை, இங்கிலாந்தின் பெருமையான லார்ஜ் வைட் பன்றிக்குள் கணிசமான சீன இரத்தம் இருக்கிறது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சீனப் பன்றியைக் கொண்டுபோய்த் தங்கள் பன்றியோடு சேர்த்தார்கள். தேயிலையைத் தேடிப் போன அதே காலம், அதே கடல்வழி. வெள்ளைக்காரத் துரை நமக்குக் கொண்டுவந்த தேயிலையிலும் சீனம், அவர் காலைச் சாப்பாட்டுத் தட்டில் இருந்த பன்றியிலும் சீனம்.

பன்றியை ஆராய்பவர்கள் இதை வெறும் குலக்கதைக்காகப் பார்க்கவில்லை. எந்த நாட்டில் யார் பார்த்தாலும் ஒப்பிட்டுக்கொள்ள வசதியாக, எந்தெந்தக் குறிகளைப் பார்க்க வேண்டும் என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனமே பட்டியல் வெளியிட்டிருக்கிறது. ஓர் இனம் மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்றக் காசு செலவழிப்பது என்று முடிவெடுக்கலாம். அழிகிற பத்து இனங்களில் ஒன்பது ஒரே குடும்பமாக இருந்து, பத்தாவது ஒன்றுமட்டும் தனியாக நின்றால், முதலில் ஓட வேண்டியது அந்தப் பத்தாவதிடம். கீழ் மலைக்கும் இதே கேள்வியைத்தான் போடச் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் ஏ.எஸ்.எம். 4/10 குடும்பத்தோடு ஒட்டாத ஆட்கள் எத்தனை பேர்?

ஒட்டாதவர் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் கோப்பியை நினைத்துப்பார்க்கலாம். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு கண்டார்கள். அரபிக்கா கோப்பி தேயிலைக்கு நேர் எதிர். தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்கும். எனவே மலை மலையாக நின்றவை ஏறக்குறைய ஒரே அச்சு. ஒன்றைத் தின்னத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாவற்றையும் தின்னத் தெரிந்துவிட்டது. 1880இல் இங்கிலாந்திலிருந்து வந்து ஆராய்ந்த மார்ஷல் வோர்ட், ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதுதான் நோய்க்கு வழி திறந்தது என்று எழுதினார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. கோப்பி அழிந்த இடத்தில் நிற்கிறது இன்றைய தேயிலை.

தேயிலைக்கும் ஒரு தடவை மணி அடித்தது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. மூடுபனிக் காலத்தில் கொழுந்தில் முதலில் எண்ணெய்ப் புள்ளிபோல் ஒன்று விழும், பிறகு வெள்ளையாகப் பொங்கும். செம்பு மருந்தடித்துச் சமாளித்தோம், இன்றும் மழை மாதங்களில் மருந்தடித்துத்தான் சமாளிக்கிறோம். அன்றைக்கு மலைகளில் நின்றவை பெரும்பாலும் விதைத் தேயிலை என்பதை மறந்துவிடக் கூடாது. 2021இல் இலங்கை ஆய்வாளர்கள் ரி.ஆர்.ஐ. 2043ஐயும் 2023ஐயும் சேர்த்துப் பிறந்த பிள்ளைகளை வைத்து, இந்த நோயைத் தாங்கும் குணத்தோடு கூடவே வருகிற ஒரு மரபணுக் குறியை அறிவித்தார்கள். கன்று வளர்ந்து நோய் வரும்வரை காத்திருக்காமல் இலையிலேயே பார்த்துச் சொல்ல அது உதவும். ஆனால் குணம் இருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் குறியால் முடியும்; இல்லாத குணத்தை அது உண்டாக்காது. குணம் செடியில் இருக்க வேண்டும், செடி எங்காவது நிற்க வேண்டும்.

என் வாதத்துக்கு எதிராக இரண்டு விடயங்களை நானே சொல்லிவிடுகிறேன். முதலாவது, உறவு வேறு குணம் வேறு. வறட்சியைத் தாங்குவதில் 2025க்கு நல்ல பெயர். அதன் உடன்பிறப்பு 2023க்கு அந்தப் பெயர் இல்லை. இதே தாய், இதே சென்கூம்ஸ். நம் வீடுகளிலும் அண்ணனும் தம்பியும் அப்படித்தான். இந்தக் குறிகள் பலவும் குணத்தைத் தொடாத இடங்களில் இருப்பவை, சுவையையோ விளைச்சலையோ அவை சொல்லாது. எங்கே தேடலாம் என்று மட்டும் கைகாட்டும்.

இரண்டாவது கஷ்டமானது. விதைத் தேயிலையைக் காப்பாற்றுங்கள் என்று பத்திரிகையில் எழுதுகிற என் கையில் கூடை இல்லை. நாளுக்கு இத்தனை கிலோ என்று கேட்டு, வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போடுகிற இடத்தில், ஒரே சீராகக் கொழுந்து விடும் வீ.பி. மலைதான் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு வசதி. பெரியம்மாவே சொன்னார்: "நம்பர் மலையில போட்டா மத்தியானத்துக்குள்ள கூடை நெறைஞ்சிரும். இங்க செடிக்குச் செடி தேடணும்." அவருக்குக் கீழ் மலைமேல் பாசம் உண்டு, ஆனால் மகளை அங்கே வேலைக்குப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். இதை மறைத்துவிட்டுப் பழைமையைப் போற்றுவது எளிது.

அதனால்தான் மலையை விட்டுவையுங்கள் என்று கேட்கவில்லை. பிடுங்குவதற்கு முந்தின வருடம் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொல்லட்டும். மலைக்கு நூறு செடியிலிருந்து இலை எடுக்கட்டும். எந்த நூறு என்று குத்துமதிப்பாகப் பொறுக்காமல், அந்த மலையில் கொழுந்தெடுத்த பெண்களிடம் ஒரு நாள் கேட்கட்டும். வெயிலில் வாடாதது, பனிக்காலத்தில் கொப்புளம் பிடிக்காதது, முந்திக் கொழுந்து விடுவது எது என்று அவர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள். குடும்பத்திலிருந்து விலகி நிற்பதாகத் தெரிகிற செடிகளில் வெட்டுத்துண்டு எடுத்துத் தவறணையில் வைத்துவிட்டால், பிறகு மலையைப் பிடுங்கினாலும் அது அழிந்துபோகாது. தோட்ட நிலம் இன்னமும் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து கம்பனிகளிடம் இருப்பது நிர்வாகமும் குத்தகையும்தான். சொந்தக்காரர் இப்படி ஒரு நிபந்தனை போடுவதில் என்ன தப்பு? சிறு தோட்டக்காரர்கள் நிறைந்த தாழ்நிலத்தில் ஏற்கனவே ஏறக்குறைய எல்லாம் வீ.பி.தான். பழைய விதைக் கூட்டம் மிச்சமிருப்பது பெரும்பாலும் நுவரெலியா, ஹட்டன் மலைகளில். ஆணிவேர் இறக்கி நூறு வருட வறட்சிகளைத் தாண்டியவை அவை. வெட்டுத்துண்டில் பிறந்த செடிக்கு அந்த ஆணிவேரும் கிடையாது.

தோட்டத்து மலையிலிருந்தே செடியைப் பொறுக்கியெடுப்பது முன்பு ஒரு காலத்தில் நடந்துமிருக்கிறது. டி.ரி. 1 என்று நாம் சொல்லும் ரகம் டிறேட்டன் தோட்டத்தில் பொறுக்கியெடுத்தது; அந்த எழுத்துகளில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அந்தச் செடியை வித்தியாசமாக முதலில் பார்த்த கை யாருடையது என்பது எந்த எழுத்திலும் இல்லை. கூடை சுமந்த ஒருத்தியாக இருந்திருந்தாலும் அதிசயப்பட மாட்டேன்.

அன்றைக்குத் திரும்பும்போது பெரியம்மா முந்திரிக்கொட்டையில் ஒன்று, கல்லுளிமங்கனில் ஒன்று, நாத்தனார் பெயர்ச் செடியில் ஒன்று என்று மூன்று கிளை ஒடித்துச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டார். கங்காணி பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, தவறணையில் ஒரு காலத்தில் பழகிய கையால், ஒரு இலை ஒரு கணுவாக நறுக்கி, வாய் வெட்டிய சோடாப் போத்தல்களில் சிவப்பு மண் போட்டு ஊன்றி, லயத்தின் தாழ்வாரத்தில் வைத்தார். போன கிழமை போய்ப் பார்த்தேன். முந்திரிக்கொட்டையும் கல்லுளிமங்கனும் கறுத்துப்போயிருந்தன. நாத்தனார் மட்டும் இலைக்கக்கத்தில் அரிசி அளவு ஒரு குருத்தை விட்டிருந்தாள்.